அண்ணி பெயர் ஒட்டிய குப்பி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணை வாலு என்று கூப்பிடுவது உன் அண்ணன் ஆரம்பித்து வைத்த வேலை. என் மேல் பழி போடாதே.

உன் அண்ணன் வேலைக்காக ஊர் மாறி இங்கே வந்து இன்றோடு எழுபது நாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். உன் அண்ணன் விடிவதற்குள் கிரேன் ஏறப் போய்விடுகிறார், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கு. அப்புறம் நானும் நாலு சுவரும்தான். பதினாறு வருஷம் ஒரே வீட்டில், ஒரே லாண்டரியில் உன் வாயைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, இந்த அமைதி எனக்குச் செரிக்கவில்லை.

ஏன் போன் செய்யாமல் எழுதுகிறேன் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், நீ வேலை விட்டு வரும் நேரத்தில் உன் அண்ணனும் வந்துவிடுவார். கிரேன் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகி, ஸ்பீக்கர் போடாமல் யாரையும் பேச விட மாட்டார். அதோடு, பிடிக்காததைக் கேட்டால் நீ “சரி அண்ணி, வைக்கிறேன்” என்று வைத்துவிடுவாய்.

விஷயம் இதுதான். நவம்பரில், நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், லாண்டரிக்கு நர்ஸ் வந்து ஆளுக்கொரு பிரஷ்ஷும் பெயர் ஒட்டிய குப்பியும் கொடுத்தாரே, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே பார்க்கும் சோதனை என்று. பாத்ரூமுக்குள் போய் நாமே எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. கல்யாணமானவர்களுக்கு மட்டும் என்று சொல்லி உன்னை வரிசையிலேயே சேர்க்கவில்லை. நீதான் என் கையிலிருந்து பிடுங்கினாய். “குடுங்க அண்ணி, நான் போயிட்டு வரேன். குப்பிக்கு ஆள் அடையாளமா தெரியப் போவுது?” இரண்டு நிமிஷத்தில் வந்தாய். அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நேற்று அதற்குப் பதில், அன்று நான் எழுதிக் கொடுத்த இந்தப் புது விலாசத்துக்கு வந்திருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி இருக்கிறதாம். இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் சீக்கிரம் வந்து அடுத்த சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று போட்டிருக்கிறது. பெயர் என்னுடையது, வயது என்னுடையது, விலாசம் என்னுடையது. உள்ளே இருந்தது உன்னுடையது.

உடனே போய்ப் பார். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வீண் கவலை. அது என்னுடையது இல்லை. பாத்ரூம் வாசலில் டவல் பிரிவு அக்கா நின்றிருந்தாள். அவளுடைய பிரஷ் கீழே விழுந்துவிட்டதாம். உங்களுடையதை அவளிடம் கொடுத்துவிட்டேன், அவள்தான் எடுத்துத் தந்தாள். அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள் திங்கள், வியாழன். ஓட்டல் விரிப்புகள் தினமும். பெரிய விரிப்பை மடிக்க உங்கள் இடத்தில் புதிதாக ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். நல்லவள்தான், ஆனால் இழுக்கிறாள். நான் ஒரு அடி முன்னால் வந்தால் அவள் ஒரு அடி பின்னால் போகிறாள். மூலையும் மூலையும் சேர்வதற்குள் மூன்று தடவை “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று கத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் என்றால் பேச்சே வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவேன், துணி தானாக மடிந்திருக்கும்.

வீட்டில் உங்கள் அறையைப் பூட்டவில்லை. சும்மா திறந்து வைத்திருக்கிறேன். வேலை விட்டு வந்ததும் கதவருகே நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன். சிரிக்காதீர்கள்.

அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாலு


பிப்ரவரி 17

வாலுவுக்கு,

பொய் சொல்வதற்கு உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? டவல் அக்காவுக்குக் கருப்பையை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு என்னோடு வந்ததே நீதான். அவள் அன்று வரிசையிலேயே நிற்கவில்லை.

இங்கே நடந்த கூத்தைக் கேள். காகிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். உன் அண்ணன் எதற்கோ கையை விட்டு அதை எடுத்துவிட்டார். படித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். பதினாறு வருஷத்தில் அந்த மனிதர் தன் டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தோள் குலுங்கியது. “என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?” என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொல்வேன்? அது எனக்கில்லை, உங்கள் தங்கைக்கு என்றா? அவர் கழுவிய டம்ளரை வாங்கித் துடைத்து வைத்தேன். மறுநாளே லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, அன்று உன் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்ததை நானே செய்துகொள்ளும்படி ஆயிற்று.

அங்கே பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்தவள் பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னொருத்தி, “ஒண்ணும் இல்லாதப்போ போய் ஏன் கிளறணும்? கிளறினா ஏதாவது இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், ஆனால் எழுந்து போகவில்லை. உள்ளே திரை, ஒரு கட்டில், ஒரு விளக்கு. டாக்டர் என் மகள் மாதிரி சின்னப் பெண். “மூச்சை இழுத்து விடுங்கம்மா, கால் கட்டை விரலை ஆட்டிக்கிட்டே இருங்க” என்றாள். கட்டை விரலை ஆட்டி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் சுருக்கென்றது. அவ்வளவுதான். இதற்கா நான் அன்று அப்படி நடுங்கினேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. நான் அன்று என் வேலையைச் செய்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இல்லை. செய்திருந்தால் உனக்கு இருப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அதை நினைத்துத்தான் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

உண்மையை எழுது.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணிக்கு,

உண்மை. அது என்னுடையதுதான்.

அன்று உங்களுக்கு உதவி செய்யத்தான் குப்பியைப் பிடுங்கினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை அண்ணி. எனக்கு அது கிடைத்ததில் சந்தோஷம். அதற்கு நாலு மாசம் முன்பிருந்தே மாதக் கணக்குக்கு நடுவில் எனக்கு ரத்தம் படுகிறது. இரண்டு மூன்று சொட்டுதான். வெள்ளை விரிப்பில் ரத்தக் கறையை எப்படி எடுப்பது என்று என்னை விட யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருஷமாக அந்த வேலைதானே. குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் உப்பு, தேய்க்காமல் ஊறவிட வேண்டும். என் துணியையும் அப்படியே எடுத்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்த உங்களுக்கே தெரியவில்லை.

நர்ஸ் வந்த அன்று நானும் வரிசைப் பக்கம்தான் நடந்தேன். சூப்பர்வைசர் கையை நீட்டி மறித்தாள். “நீ எங்கடி வர்ற? இது கல்யாணம் ஆனவங்களுக்கு.” இஸ்திரி மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஒதுங்கி நின்றேன். எனக்கும் வேண்டும் என்று கேட்டிருந்தால், உனக்கு எதுக்கு என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியாது. அப்போதுதான் நீங்கள் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டு நின்றீர்கள்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரில் போகிறேன். கல்யாணமானவள், இரண்டு பிள்ளைக்குத் தாய், யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். உங்கள் பிறந்த தேதி எனக்கு மனப்பாடம். பிள்ளைகள் பிறந்த ஆஸ்பத்திரியும் தெரியும், இரண்டு தடவையும் வெளியே நின்றது நான்தானே. எது கேட்டாலும் உங்களாகவே பதில் சொல்வேன். உள்ளபடி சொன்னால், ஒரு நாளைக்காவது அப்படி இருந்து பார்க்கவும் ஆசையாக இருக்கிறது.

யார், என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாலு


மார்ச் 4

என் வாலுவுக்கு,

காகிதத்தை அனுப்ப மாட்டேன்.

என் சோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை, ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்றுவிட்டார்கள். உன் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். பாத்திரம் கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை, பழகிவிட்டதாம். அவர் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசுகிறது. யாருக்கோ போக வேண்டிய பயத்தை அவர் பட்டார், இப்போது பயப்பட வேண்டிய இடத்தில் பயமே இல்லாமல் இருக்கிறார்.

யோசித்துப் பார். நீ என் பெயரில் வைத்தியம் பார்த்தால், அடுத்த தடவை வரச் சொல்லும் கடிதம் யாருக்கு வரும்? எனக்கு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆனால் யாரைத் தேடுவார்கள்? என்னை. லாண்டரியில் நம்பர் சீட்டு மாறிய துணி என்ன ஆகிறது என்று உனக்குத் தெரியாதா? கிழியாது, சாயம் போகாது, நன்றாக வெளுத்து மடித்து வேறு யார் வீட்டுக்கோ போய்விடும். திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. உன்னை அப்படித் தொலைக்க என்னால் முடியாது.

நீ கேட்காதே என்றாய். கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியும், ஏழு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் நம்பர் சீட்டு இல்லாத ஒரு நீலச் சட்டை உன் மேசைக்கு வரும். காலரை மட்டும் இரண்டு தடவை தேய்ப்பாய். பாய்லர் மெக்கானிக் சனிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வருவார். அவர் வேலை முடிந்து வேறு நாட்டுக்குப் போன பிறகு, சட்டையும் வருவதில்லை, நீ பாட்டு முணுமுணுப்பதும் நின்றுவிட்டது.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். நீ உன் பெயரில் போ. நான் வரட்டுமா?

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

ஏழு வருஷமாகத் தெரியுமா?

அவர் போன பிறகு மூன்று மாசம் நான் உலர்த்தும் அறையில் நின்று அழுதேன், இயந்திரச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், உங்கள் சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், உங்களோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசினேன். கடிதம் போடுகிறேன் என்றார், கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார். தபால்காரர் தெருமுனை திரும்பும்போதெல்லாம் என் காது அங்கே ஓடியது. அது எல்லாம் தெரிந்தும் நீங்கள் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “என்னடி” என்று கேட்டிருந்தால் உங்கள் மடியில் விழுந்திருப்பேன்.

கேட்காமல் இருந்தது மரியாதை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது கதவைச் சாத்தியது மாதிரி இருக்கிறது.

வர வேண்டாம்.


மார்ச் 29

வாலுவுக்கு,

மூன்று வாரம் உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். தபால்காரர் மாடி ஏறும் சத்தம் கேட்டால் என் காதும் ஓடுகிறது. நீ பட்டது என்ன என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ கூனிக் குறுகிப் போவாய், வீட்டை விட்டே போய்விடுவாய் என்று பயந்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் ஏழு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதாது.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். நவம்பரில் வந்த அதே நர்ஸ் போன் செய்தார். முதலில் கிருமி இருந்தது, இப்போது இல்லை, எப்படி என்று அவருக்குக் குழப்பம். வீட்டில் யாரும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். உன் பெயர் சொல்லவில்லை, என் நாத்தனார் என்று மட்டும் சொன்னேன். அப்புறம், “உங்க ரெண்டு பேரையும் அப்புறமா திட்டிக்கறேன். முதல்ல அவங்களை வரச் சொல்லுங்க” என்றார். கல்யாணம் ஆகாதவள் என்றேன். “அதனால என்ன? முப்பது வயசுக்கு மேல எல்லாருக்கும்னுதான் நான் சொன்னேன். கல்யாணமானவங்கன்னு உங்க சூப்பர்வைசர்தான் மாத்திட்டாங்க. கிருமி வருஷக்கணக்கா சத்தம் போடாம இருக்கும்மா. எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, யாரும் கேட்கவும் மாட்டாங்க.” ரத்தம் படுகிறது என்றதும் அவர் குரல் மாறியது. தள்ளிப்போடவே கூடாது என்றார்.

அவரே உனக்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்: ஏப்ரல் பத்து, வியாழக்கிழமை காலை பத்து மணி. நம் பழைய பெரிய ஆஸ்பத்திரி, நாலாம் கவுண்டர். நம் விரிப்புகள் போகிற அதே ஆஸ்பத்திரிதான், பயப்படாதே, கட்டிலில் கிடப்பது நீ மடித்ததாகத்தான் இருக்கும்.

வர வேண்டாம் என்றாய். வரவில்லை. ஆனால் அன்று பத்து மணிக்கு நான் இந்த ஜன்னலருகே உட்கார்ந்து கால் கட்டை விரலை ஆட்டிக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

உன்னை நான் தேடுகிறேன் வாலு. இவ்வளவு பேர் இருக்கிற ஊரில், திரும்பிப் பார்த்தால் நீ இல்லை.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி ஒன்பது மணிக்கே போய் எதிர்ப் பக்கம் நின்றேன். இரண்டு தடவை திரும்பி நடந்தேன். மூன்றாவது தடவை நம் லாண்டரி வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் பார்ப்பதற்குள் உள்ளே ஓடிவிட்டேன். உங்கள் வாலு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த வீரத்தின் கதை இவ்வளவுதான்.

கவுண்டரில் ஒரு பெண் ஃபார்ம் நிரப்பினாள். பெயர் கேட்டாள். உங்கள் பெயர்தான் முதலில் நாக்கில் வந்தது. விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன். “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை என்றேன். எழுதினாள். “போன் நம்பர்?” அவ்வளவுதான் அண்ணி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் நான் எந்தக் கேள்விக்கு ஒளிந்தேனோ, அதை எழுத அவளுக்கு ஆன நேரம், போன் நம்பர் எழுத ஆனதை விடக் குறைவு. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

அப்புறம் உள்ளிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே கட்டை விரலை ஆட்டினேன். விரிப்பில் நம் லாண்டரி முத்திரை. மூலை சரியாகச் சேரவில்லை, புதியவள் இழுத்த இழுப்பு. அதைப் பார்த்துச் சிரித்தேன், டாக்டர் ஏன் என்று கேட்டார்.

சந்தேகமான இடத்தில் துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதினைந்து நாள் சோறு இறங்கவில்லை. முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் ஆகியிருக்கும், மாற ஆரம்பித்திருந்தது என்றார்கள். அந்த இடத்தை மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். ரத்தம் பட்டதற்குக் காரணம் பக்கத்தில் இருந்த சின்னச் சதை வளர்ச்சி, அதையும் எடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் விரிப்பு தூக்கக் கூடாது. சூப்பர்வைசரிடம் சீட்டை நீட்டினேன். படித்தாள், என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லீவு கொடுத்தாள். சாயங்காலம் பாத்ரூம் பக்கம் என்னை ஓரம் கட்டி, “வலிக்குமா?” என்று கேட்டாள். அவளும் அன்று எடுக்கவில்லையாம்.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் இல்லை, நீலச் சட்டை நம் இருவரோடு இருக்கட்டும். அவர் யார் என்று சொல்ல வெட்கப்பட்டு அல்ல. இன்னும் வெள்ளிக்கிழமை வந்தால் கை சும்மா இருப்பது தெரிகிறது, அதைச் சொல்ல ஒரு ஆள் போதும் என்பதால்தான்.

உங்கள் மேல் கோபம் முழுக்கப் போகவில்லை. நேரில் வந்தால் மீதியைத் தீர்த்துக்கொள்கிறேன். ஆறு மாசம் கழித்து மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கூட யார் வருவார்கள் என்று அதே பெண் கேட்டாள். ஃபார்மையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “நீங்களே எழுதுங்க” என்றாள். உறவு என்ற கட்டத்தில் அண்ணி என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் உங்கள் பெயர். நவம்பரில் ஒட்டியிருந்த அதே பெயர், இந்தத் தடவை சரியான இடத்தில்.

வந்துவிடுங்கள்.

வாலு